நாள் போடாத புகார்: ஆசிரியர்கள் மீதான விசாரணையில் கெடு எங்கே தவறுகிறது?

ரூல் போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். எட்டாம் வகுப்புப் பிள்ளையின் கையெழுத்து, முன்னும் பின்னுமாக ஒன்றரைப் பக்கம். தாளின் தலையில் பச்சை மையில் தலைமை ஆசிரியரின் சுருக்கொப்பம். எழுதியவள் தேதி போடவில்லை, வாங்கியவரும் போடவில்லை. பெறப்பட்டதற்கான முத்திரை இல்லை, தபால் பதிவேட்டில் வரிசை எண்ணும் இல்லை.

கல்வித் துறை அலுவலகம் ஒன்றில் ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவில் பல வருஷம் உட்கார்ந்தவன் நான். அந்தத் தாள் ஒருநாள் என் மேஜைக்கு வந்தது. எந்த ஊர், எந்தப் பள்ளி என்று சொல்லக்கூடாது, சொல்லவும் மாட்டேன். இந்தத் தாள் எந்த நாளில் கொடுக்கப்பட்டது என்று விசாரணையில் கேட்கப்பட்டது. "அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னாடி" என்றாள் பிள்ளை. "பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்ன" என்றார் வகுப்பாசிரியர். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம் என்று எழுதிக் கொடுத்தார் தலைமை ஆசிரியர். மூன்று பேர், மூன்று நாள், நடுவில் ஒரு மாதத்துக்கு மேல் இடைவெளி. தாளில் இருந்த விஷயத்தைப் பற்றிக் கேட்ட கேள்விகளைவிட, அந்த இடைவெளியைப் பற்றிக் கேட்ட கேள்விகள்தான் குறுக்கு விசாரணையில் அதிகம்.

ஆசிரியர் மீதான புகார் என்றாலே "நடவடிக்கை எடுத்தார்களா, இல்லையா" என்றுதான் வெளியில் பேசுகிறோம். சட்டமோ நடவடிக்கைக்கு நாள் குறித்திருக்கிறது. அதுவும் ஒரு நாளை அல்ல. காவல் நிலையத்துக்கு ஒரு கணக்கு, நீதிமன்றத்துக்கு ஒரு கணக்கு, கல்வித் துறைக்கு ஒரு கணக்கு, கல்லூரியாக இருந்தால் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க அங்கேயே அமைக்கப்படும் உள்ளகப் புகார் குழுவுக்கு ஒரு கணக்கு. ஒவ்வொன்றும் தொடங்கும் நாள் வேறு, முடியும் நாள் வேறு, எண்ணும் முறையும் வேறு. எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதி வைத்திருக்கும் ஆள் மட்டும் எந்த அலுவலகத்திலும் கிடையாது.

முதல் மணி நேரங்கள்

பாதிக்கப்பட்டது 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை, புகார் பாலியல் தொடர்பானது என்றால் முதல் கணக்கு, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் தொடங்குகிறது. அதன் 19ஆம் பிரிவு, குற்றம் நடந்தது தெரிந்தவர், நடக்கக்கூடும் என்று அஞ்சுபவர் எவராக இருந்தாலும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது. இத்தனை மணி நேரம் என்று கணக்கு எதுவும் அதில் இல்லை. அதனாலேயே பல பள்ளிகளில் ஒரு தவறான பழக்கம் வேரூன்றிவிட்டது. முதலில் நாங்களே விசாரிப்போம், பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுவோம், பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டுவோம், பிறகு பார்ப்போம். அப்படிப் பூர்வாங்க விசாரணை நடத்தும் அதிகாரத்தைத் தலைமை ஆசிரியருக்குச் சட்டம் தரவில்லை. உண்மையா பொய்யா என்று பார்ப்பது காவல்துறையின் வேலை. தெரிந்ததைச் சொல்வது மட்டுமே பள்ளியின் வேலை. சொல்லத் தவறினால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் உள்ளவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை.

மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில், ராஜுராவில், பள்ளி விடுதிப் பெண் குழந்தைகளுக்கு நேர்ந்தது தொடர்பான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் தகவல் தரவில்லை என்பது குற்றச்சாட்டு. உயர் நீதிமன்றம் அவர் மீதான வழக்கை ரத்து செய்திருந்தது. உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் அந்த ரத்தை நீக்கியது. உடனடியாக, முறையாகத் தகவல் தரப்படாவிட்டால் சட்டத்தின் நோக்கமே தோற்றுப்போகும் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்கும் இந்தத் தகவலிலிருந்துதான் ஓடத் தொடங்குகிறது.

தகவல் காவல் நிலையத்துக்குப் போய்விட்டால் எண்ணிக்கை வேகம் பிடிக்கிறது. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் காவல்துறை தெரிவிக்க வேண்டும். வன்புணர்வுப் புகார் என்றால் தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். மருத்துவர் ஏழு நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையோடு ஒரே வீட்டில் இருப்பவர் என்பது போன்ற நிலை இருந்தால், குழந்தையை அங்கிருந்து அகற்ற வேண்டுமா என்று குழந்தைகள் நலக்குழு மூன்று நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். விடுதியிலேயே தங்கியிருக்கும் ஆசிரியர் மீது புகார் வரும்போது இந்த மூன்று நாள் எவ்வளவு பெரிது என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரே வழக்கு, இரண்டு அறுபது

இனி வரும் பகுதியில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். விஷயம் கொஞ்சம் நுட்பமானது, பொறுமையாகப் பார்ப்போம்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 193ஆம் பிரிவு, போக்சோ சட்டத்தின் 4, 6, 8, 10 ஆகிய பிரிவுகளில் வரும் வழக்குகளின் புலனாய்வை இரண்டு மாதத்துக்குள் முடிக்கச் சொல்கிறது. முதல் தகவல் பதிவான நாளிலிருந்து இந்த இரண்டு மாதம். கவனியுங்கள், 12ஆம் பிரிவு அந்தப் பட்டியலில் இல்லை. ஆசிரியர் தொடவில்லை, ஆபாசமாகப் பேசினார், நள்ளிரவில் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார் என்ற வகைப் புகார்கள் பெரும்பாலும் 12இல்தான் வரும். அவற்றுக்கு இந்த இரண்டு மாதக் கெடு கிடையாது.

இதே சட்டத்தின் 187ஆம் பிரிவு வேறொரு கணக்கைச் சொல்கிறது. கைதானவரைக் காவலில் வைத்தபடி புலனாய்வு செய்ய 60 நாள். பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனை தரக்கூடிய குற்றமானால் 90 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் குற்றம் சாட்டப்பட்டவர் ஜாமீன் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். நீதிபதிக்கு இதில் விருப்புரிமை இல்லை. வழக்கு எவ்வளவு கொடூரமானது என்பது கணக்கில் வராது.

ஆசிரியர் விஷயத்தில் இது எப்படிப் பொருந்துகிறது? கல்வி நிலையத்தின் ஊழியர் அங்கே படிக்கும் பிள்ளையிடம் செய்யும் குற்றத்தைப் போக்சோ சட்டம் கடுமையான வகையாகத் தனியே வைக்கிறது. ஊடுருவல் உள்ள குற்றமானால் 6ஆம் பிரிவு. குறைந்தது 20 ஆண்டு, மரண தண்டனை வரை போகலாம். அங்கே 90 நாள். தவறான தொடுதல் என்றால் 10ஆம் பிரிவு. 5 முதல் 7 ஆண்டு. அங்கே 60 நாள்தான். பள்ளிகளிலிருந்து வரும் புகார்களில் இந்த இரண்டாவது வகைதான் என் கண்ணில் அதிகம் பட்டது.

ஆக, 10ஆம் பிரிவு வழக்கில் இரண்டு அறுபது ஓடுகிறது. ஒன்று முதல் தகவல் அறிக்கை பதிவான நாளிலிருந்து. மற்றொன்று நீதிமன்றக் காவலில் வைக்கப்பட்ட நாளிலிருந்து. முதல் கணக்கில் "மாதம்" என்று இருக்கிறது, இரண்டாவதில் "நாள்" என்று இருக்கிறது. மாதம் என்றால் காலண்டர் மாதம். ஜனவரி 10இல் தொடங்கினால் மார்ச் 10. நாள் என்றால் ஒவ்வொரு நாளாக எண்ண வேண்டும். சாதாரணமாகச் சட்டத்தில் "இன்ன நாளிலிருந்து" என்றால் அந்த நாளை விட்டுவிட்டு மறுநாளிலிருந்து எண்ணுவது வழக்கம். காவல் கணக்கில் அப்படி இல்லை. காவலில் வைத்த அந்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2023 மார்ச்சில் தெளிவாக்கிவிட்டது. அந்த ஒரே ஒரு நாள் வித்தியாசத்தில் ஜாமீன் கிடைத்தவர்கள் உண்டு.

கொரோனா ஊரடங்கில் நீதிமன்றக் கெடு எல்லாவற்றையும் உச்ச நீதிமன்றம் நீட்டித்தபோது, இந்தக் காவல் கணக்கும் நீண்டுவிட்டது என்று பலரும் நினைத்தார்கள். மதுரையிலிருந்து போன ஒரு வழக்கில் 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் அப்படி இல்லை என்று சொல்லிவிட்டது. குடிமகனின் சுதந்திரம் சம்பந்தப்பட்ட கெடு கொள்ளைநோய்க் காலத்திலும் நீளாது. எனக்கு அந்தத் தீர்ப்பில் மனக்குறை எதுவும் இல்லை. அரசு ஒருவரை விசாரணை முடியாமலே அடைத்து வைப்பதற்கு எல்லை இருக்கத்தான் வேண்டும்.

மனக்குறை வேறு இடத்தில் இருக்கிறது. போக்சோ சட்டத்தின் 35ஆம் பிரிவை எடுங்கள். சிறப்பு நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுத்த 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிவு செய்ய வேண்டும். தாமதமானால் காரணம் எழுத வேண்டும். கூடியவரை ஓராண்டுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும். இந்த 30 நாள் தவறினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. ஓராண்டு தாண்டினால்? ஒன்றும் ஆகாது. இரண்டு மாதத்தில் முடிய வேண்டிய புலனாய்வு நாலு மாதம் இழுத்தால்? அந்தப் பிரிவில் விளைவு என்று எதுவும் எழுதப்படவில்லை.

கெடு கணக்கை வருஷக்கணக்காகப் பார்த்த பிறகு எனக்கு உறைத்தது இதுதான். தவறினால் தானாக விளைவு வரும் கெடு பெரும்பாலும் குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம் இருக்கிறது. குழந்தைக்காக வைத்த கெடு தவறினால் யாருக்கும் எதுவும் நேர்வதில்லை. முதல் வகையை எண்ண எதிர்த்தரப்பில் ஒரு வழக்கறிஞர் இருக்கிறார், 61ஆம் நாள் காலையில் மனுவோடு வந்து நிற்பார். இரண்டாவது வகையை எண்ணுவதற்கு ஆளே இல்லை.

எட்டாம் வகுப்பில் நடந்ததைப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நேரத்தில் வந்து சொல்லச் சொன்னால் அந்தப் பிள்ளை என்ன சொல்லும்? அதற்குள் பள்ளி மாறியிருக்கும். ஊரில் பெரியவர்கள் நாலு பேர் வந்து பேசியிருப்பார்கள். ராஜஸ்தானின் கங்காபூர் சிட்டியில் 2022இல் அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் மீது போக்சோ வழக்குப் பதிவானது. கொஞ்ச நாளிலேயே குடும்பத்தோடு சமரசம் ஆகிவிட்டது என்று முத்திரைத் தாளில் எழுதி வந்தது. அதை ஏற்று உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. இதுபோன்ற குற்றம் இரண்டு தரப்பு பேசித் தீர்க்கும் தனிப்பட்ட தகராறு அல்ல என்று சொல்லி, 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கை மீண்டும் உயிர்ப்பித்தது. சமரசப் பேச்சு நடப்பதற்கு இடம் கொடுப்பது நாள் கடத்தல்தான்.

துறையின் கணக்கு

இனி என் பழைய மேஜைக்கு வருகிறேன். அரசுப் பள்ளி ஆசிரியர் மீது குற்றவியல் வழக்கு ஒரு பக்கம் நடந்தாலும், தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளின்படி துறை நடவடிக்கை தனியாக நடக்க வேண்டும். பணியிடை நீக்கத்துக்கு 17(இ), சிறு தண்டனைக்கு 17(ஏ), பெரும் தண்டனைக்கு 17(பி). மாணவியரிடம் பாலியல் தொல்லை என்று நிரூபணமானால் கட்டாய ஓய்வு, பணிநீக்கம் போன்ற பெரும் தண்டனையோடு கல்விச் சான்றிதழ்களையும் ரத்து செய்யலாம் என்று 2012 மே மாதத்திலேயே பள்ளிக் கல்வித் துறையின் அரசாணை 121 வந்துவிட்டது. தண்டனைக்குக் குறைவில்லை. அந்தத் தண்டனை வரை கோப்பு போய்ச் சேர்வதில்தான் சிக்கல்.

பணியிடை நீக்க ஆணை அன்றைக்கே போய்விடும். செய்தித்தாளில் பெயர் வந்த ஆசிரியரைச் சஸ்பெண்ட் செய்ய எந்த அலுவலரும் தயங்குவதில்லை. அதற்குப் பிறகு கோப்பு தூங்கும். 2015 பிப்ரவரியில் அஜய் குமார் சவுத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம், மூன்று மாதத்துக்குள் குற்றச்சாட்டுக் குறிப்பாணை, அதாவது குற்றச்சாட்டுகளை எழுதி ஊழியரிடம் விளக்கம் கேட்கும் ஆணை, வழங்கப்படாவிட்டால் பணியிடை நீக்கம் அதற்கு மேல் நீடிக்கக் கூடாது என்றது. அதைக் காட்டி எத்தனையோ பேர் பணிக்குத் திரும்பினார்கள். மூன்று மாதம் முடிந்ததும் பணியிடை நீக்கம் தானாகவே ரத்தாகிவிடாது என்று பின்னர் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு விளக்கியது. ஆனாலும் 90 நாள் கடந்தும் குறிப்பாணை போகாத கோப்போடு நீதிமன்றத்தில் நிற்கும் அலுவலர் எந்தக் காரணத்தைச் சொல்வார்?

நான் பார்த்த கோப்புகளில் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். "குற்றவியல் வழக்கு நிலுவையில் உள்ளதால் தீர்ப்பு வந்த பின் நடவடிக்கை." பார்ப்பதற்கு நியாயமாகத் தெரியும் வாசகம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கோலார் தங்கச் சுரங்க நிறுவன ஊழியர் வழக்கில் 1999இலேயே உச்ச நீதிமன்றம், இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கத் தடையில்லை, சிக்கலான கேள்விகள் அடங்கிய பெரும் குற்றமானால் துறை விசாரணையைச் சிறிது நிறுத்தி வைக்கலாம், வழக்கு இழுத்துக்கொண்டே போனால் மீண்டும் தொடங்கலாம் என்று சொல்லிவிட்டது. அதே வழக்கில் இன்னொரு பாடமும் உண்டு. அந்த ஊழியருக்குப் பிழைப்பூதியம் (பணியிடை நீக்கக் காலத்தில் தர வேண்டிய தொகை) தரப்படவில்லை; கேரளத்திலிருந்து விசாரணைக்கு வரக் கையில் பணம் இல்லை; அவர் இல்லாமலே விசாரணை முடிந்தது. அந்த விசாரணை செல்லாது என்றது நீதிமன்றம். பிழைப்பூதியப் பட்டியல் ஒவ்வொரு மாதமும் போகிறதா என்று பார்ப்பதும் கெடு பார்ப்பதில் சேர்த்திதான். கோபத்தில் அதை நிறுத்தி வைத்த அலுவலர் ஒருவரை எனக்குத் தெரியும். குழந்தைக்கு நல்லது செய்வதாகவே அவர் நினைத்தார்.

துறை விசாரணைக்கு மொத்தக் கெடு என்ன? டெல்லி உயர் நீதிமன்ற ஊழியர் ஒருவரின் வழக்கில் 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆறு மாதம் என்று எல்லை வைத்தது; தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் ஓராண்டைத் தாண்டாமல் முடிக்கச் சொன்னது. மறுபக்கம், காலம் கடந்து எழுப்பும் குற்றச்சாட்டு செல்லாமலே போகும். தமிழ்நாடு வீட்டு வசதி வாரியப் பொறியாளர் ஒருவருக்கு 1990இல் நடந்ததாகச் சொல்லப்பட்ட முறைகேட்டுக்காக 2000இல் குறிப்பாணை கொடுத்தார்கள். பத்தாண்டுத் தாமதத்துக்குச் சரியான விளக்கம் இல்லை என்று 2005இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அவர் ஆசிரியர் அல்லதான், ஆனால் ஆசிரியர்களின் வழக்கறிஞர்கள் அதிகம் மேற்கோள் காட்டும் தீர்ப்புகளில் அது ஒன்று. ஓய்வு பெற்றுவிட்டால் இன்னும் இறுக்கம். தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளின் 9ஆம் விதிப்படி, ஓய்வுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கும் துறை நடவடிக்கை அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளுக்குள் நடந்த சம்பவத்தைப் பற்றியதாகத்தான் இருக்க முடியும். குற்றவியல் வழக்குக்கு அந்தத் தடை இல்லை. போக்சோ குற்றங்களுக்குப் புகார் தரக் காலவரையறை கிடையாது என்று மத்திய அரசு 2018இல் சட்ட அமைச்சகத்தின் கருத்தோடு தெளிவுபடுத்தியது.

அரசு உதவி பெறும் பள்ளிகளில் வேறொரு கணக்கு இருந்தது. 1973ஆம் ஆண்டுத் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தில் பணியிடை நீக்கம் இரண்டு மாதம்தான். அதற்குள் விசாரணை முடியாவிட்டால் ஆசிரியர் பணிக்குத் திரும்பியதாகவே கருதப்படுவார். தாமதத்துக்கு ஆசிரியரே காரணம் என்றால் மட்டும் இன்னும் இரண்டு மாதம் நீட்டலாம். இப்போது 2018ஆம் ஆண்டுச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்துவிட்டாலும், பழைய சம்பவங்கள் பற்றிய வழக்குகளில் இந்த இரண்டு மாதம் இன்னும் பேசப்படுகிறது. பள்ளிச் செயலருக்கு அது தெரியாமல், மூன்றாம் மாதம் ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வந்து நிற்கும்போதுதான் எங்களுக்குத் தொலைபேசி வரும்.

அடி, திட்டு பற்றி ஒரு வார்த்தை. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. 32ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்துப் புகார் கொடுத்தால் மூன்று மாதத்தில் முடிவு சொல்ல வேண்டும். சாதாரணக் காயம் என்ற அளவில் காவல்துறைக்குப் போனால், ஓராண்டு வரை மட்டுமே தண்டனை உள்ள குற்றம் என்பதால் ஓராண்டுக்குள் போக வேண்டும். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தி வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கானால் 60 நாளில் புலனாய்வு முடிய வேண்டும்.

கல்லூரி வாசலில்

கல்லூரியில், பல்கலைக்கழகத்தில் மாணவியோ பேராசிரியையோ புகார் தந்தால் கணக்கு தலைகீழாகிறது. இங்கே முதல் கெடு புகார் தருபவருக்கே. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள், தொடர் சம்பவங்களானால் கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள், புகார் எழுத்தில் வர வேண்டும். காரணம் இருந்தால் உள்ளகப் புகார் குழு மேலும் மூன்று மாதம் தரலாம். ஆக மிஞ்சினால் ஆறு மாதம்.

கொல்கத்தாவின் தேசியச் சட்டப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் மீது பேராசிரியை ஒருவர் தந்த புகார் இந்தக் கணக்கில்தான் விழுந்தது. கடைசிச் சம்பவம் 2023 ஏப்ரல். புகார் தந்தது 2023 டிசம்பர் 26. நடுவில் ஆகஸ்டில் தன்னை ஒரு பொறுப்பிலிருந்து நீக்கியதும் அதே துன்புறுத்தலின் தொடர்ச்சிதான் என்று அவர் வாதிட்டார். அது நிர்வாக நடவடிக்கை, பாலியல் துன்புறுத்தலின் தொடர்ச்சி ஆகாது என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. புகார் காலம் கடந்தது என்று முடிந்தது. ஆனாலும் நீதிமன்றத்துக்கே மனம் ஆறவில்லை போலும். அந்தத் தீர்ப்பைத் துணைவேந்தர் தன் தன்விவரக் குறிப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவிட்டது. சட்டம் படித்தவர்கள் நிறைந்த வளாகத்திலேயே கெடு கடந்துவிட்டது. முதலாண்டு மாணவிக்கு, தன் மதிப்பெண்ணைப் போடப்போகும் ஆசிரியர் மீது புகார் எழுதத் துணிச்சல் வர எத்தனை மாதம் ஆகும்? இந்த மூன்று மாதத்தை நீட்டியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

புகார் வந்த பிறகு கணக்கு சுருக்கமானது. ஏழு நாளில் நகல் எதிர்மனுதாரருக்கு, பத்து நாளில் அவர் பதில், 90 நாளில் விசாரணை முடிவு, பத்து நாளில் அறிக்கை. சட்டத்தின்படி நிர்வாகம் 60 நாளில் செயல்பட வேண்டும். உயர்கல்வி நிறுவனங்களுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறை அதை 30 நாளாகக் குறைத்திருக்கிறது. எந்த எண்ணைப் பின்பற்றுவது என்று தெரியாமல் அறிக்கையை மேஜையில் வைத்திருக்கும் முதல்வர்கள் இருக்கிறார்கள். குறைந்த எண்ணைப் பின்பற்றினால் இரண்டும் நிறைவேறிவிடும்.

பதிவேட்டில் இல்லாத பத்தி

அரசு அலுவலகத்தில் பதிவேடுகளுக்குப் பஞ்சமில்லை. தன்பதிவேடு, காலமுறைப் பதிவேடு, நினைவூட்டு நாட்குறிப்பு எல்லாம் உண்டு. தன்பதிவேட்டைத் திறந்தால் ஒரு தாள் எந்தத் தேதியில் வந்தது, யாரிடம் போனது, எப்போது நினைவூட்டுப் போனது என்று வரிசையாக இருக்கும். தாள் நகர்ந்த கதை முழுக்க அதில் இருக்கிறது. அந்தத் தாளுக்கு என்றைக்குக் கெடு முடிகிறது என்று எழுத மட்டும் அதில் பத்தி கிடையாது. மேலதிகாரி ஆய்வுக்கு வரும்போது எத்தனை கோப்பு நிலுவை என்று கேட்பார். எந்தக் கோப்புக்கு நாளை 90ஆம் நாள் என்று கேட்டவரை நான் பார்த்ததில்லை.

கடைசி சில வருஷங்கள் நானே ஒரு நீள நோட்டில் தனியாகக் கோடு போட்டு வைத்திருந்தேன். சம்பவ நாள், புகார் பள்ளிக்கு வந்த நாள், அந்த நாளுக்கு என்ன ஆதாரம், முதல் தகவல் அறிக்கை நாள், காவலில் வைத்த நாள், பணியிடை நீக்க நாள், குறிப்பாணை வழங்கப்பட்ட நாள். வழங்கப்பட்ட நாள் என்பது கையெழுத்திட்ட நாள் அல்ல. ஆசிரியர் ஊரில் இல்லாமல் ஒப்புகை அட்டை வெறுமையாகத் திரும்பி வந்து, வீட்டுக் கதவில் ஒட்டி, கிராம நிர்வாக அலுவலரைச் சாட்சியாக வைத்து மகஜர் எழுதுவதற்குள் பதினைந்து நாள் போய்விடும். அதனால் 90ஆம் நாளைக் கெடுவாக எழுத மாட்டேன். 60ஆம் நாளைத்தான் எழுதுவேன், சிவப்பு மையில். அதிகம் உதவியது "அந்த நாளுக்கு என்ன ஆதாரம்" என்ற பத்திதான். அதில் எதுவும் எழுத முடியாத கோப்புகள் எல்லாம் பின்னால் எங்களைப் படுத்தின.

அந்த நோட்டு யாருடைய உத்தரவிலும் இல்லை. நான் ஓய்வு பெற்ற பிறகு யாரும் அதைத் தொடர்ந்து எழுதியதாகத் தெரியவில்லை.

ஓய்வுக்குப் பிறகு, தெரிந்தவர் மூலமாக ஓர் அம்மா வீட்டுக்கு வந்தார். மகளுக்காகப் புகார் கொடுத்தவர். கட்டைப் பையிலிருந்து தினசரிக் காலண்டரின் கிழித்த தாள்களை ரப்பர் பேண்டு போட்டு எடுத்து வைத்தார். ஒவ்வொரு தாளின் பின்னாலும் பென்சிலில் ஏதாவது இருந்தது. "ஸ்டேசன் போனோம். மேடம் இல்லை." "பெரியாஸ்பத்திரி. 3 மணி வரை." "இன்னைக்கு யாரும் வரல." எதுவும் நடக்காத நாளையும் அவர் விடவில்லை.

"சார், இன்னைக்கு எத்தனாவது நாளுன்னு மட்டும் சரியா எண்ணிச் சொல்லுங்க" என்றார்.

இருவருமாகத் தரையில் பரப்பி எண்ணினோம். முதல் தகவல் அறிக்கை பதிவான நாளிலிருந்து 93. புலனாய்வு எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் புகார்தாரருக்குக் காவல்துறை தெரிவிக்க வேண்டும் என்று புதிய சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறதே, அதைச் சொன்னேன். அவருக்கு அப்படி எந்தத் தகவலும் வந்திருக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து மனு எழுதினோம். காவல் கண்காணிப்பாளருக்கு ஒன்று, சிறப்பு நீதிமன்ற அரசு வழக்கறிஞருக்கு ஒரு நகல். பிரிவு எண், பதிவான தேதி, இன்றைய தேதி, கடந்த நாள்கள் 93. கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பித் தரப் போனவர், மறுபடி வாங்கி, கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதியையும் போட்டார்.